வேதியியல் அறிஞர் லவாய்சியர்

அடுப்பில் இட்ட விறகு எரிகின்றது; சிறிது நேரத்தில் ஒரு பிடி சாம்பலே எஞ்சுகின்றது. மழையில் நனைந்து கிடந்த இரும்பு துருப்பிடிக்கின்றது. ஏற்றி வைத்த மெழுகுவத்தி சிறிது சிறிதாகக் குறைந்து, முடிவில் மறைந்தே போகின்றது. இவற்றை நாள்தோறும் காண்பவர் பலர். எரிந்த விறகு எங்கே சென்றது, துரு எங்கிருந்து வந்தது, மறைந்த மெழுகு அழிந்தொழிந்ததா, வேறு உருவில் நிலைத்திருக்கின்றதா என்று வினவுவோர் சிலரே. அவ்வாறு வினவியதோடு அமையாமல், விடையைத் தராசில் நிறுத்துக் காட்டியவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் அந்துவான் லவாய்சியர். இக்கால வேதியியலின் தந்தை என்று உலகம் அவரைப் போற்றுகின்றது.

பிறப்பும் கல்வியும்

லவாய்சியர் 1743ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26ஆம் நாள் பாரிசு மாநகரில் பிறந்தார். அவர் தந்தையார் செல்வமும் மதிப்பும் வாய்ந்த வழக்கறிஞர். லவாய்சியர் ஐந்தாம் அகவையிலேயே அன்னையை இழந்தார். அன்னையுடன் பிறந்த அம்மையார் ஒருவர் தாம் மணம் புரியாது வாழ்ந்து, அக்குழந்தையைத் தம் குழந்தையாகவே எண்ணி வளர்த்தார். அவருடைய அன்பில் வளர்ந்த லவாய்சியர், பாரிசில் இருந்த மசாரின் கல்லூரியில் சேர்ந்து, இலக்கியத்தோடு கணிதமும் வானநூலும் பயின்றார்.

தந்தையார் தம் தொழிலையே மைந்தரும் மேற்கொள்ள வேண்டும் என்று விரும்பினார். லவாய்சியர் அவ்விருப்பத்தை மறுக்கவில்லை. சட்டம் பயின்று 1764இல் பட்டமும் பெற்றார். ஆயின் அவர் உள்ளம் சட்ட நூல்களில் தோயவில்லை. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் நிலவியல் அறிஞரோடு சுற்றுப்பயணம் செய்து மண்ணையும் பாறைகளையும் ஆராய்ந்தார். தாவரவியல் அறிஞரோடு செடி கொடிகளை ஆராய்ந்தார். ருவெல் என்னும் பேராசிரியர் நிகழ்த்திய வேதியியல் சொற்பொழிவுகளை ஆர்வத்தோடு கேட்டார். முடிவில் வேதியியலே அவர் நெஞ்சைக் கவர்ந்தது.

பெருநகரின் தெருக்களுக்கு இரவில் விளக்கொளி அளிக்கத்தக்க சிறந்த வழி யாது என்று அறிவியல் கழகத்தார் ஒரு போட்டி வைத்தனர். லவாய்சியர் அதற்கு விரிவான கட்டுரை ஒன்று எழுதி, 1766இல் மன்னரின் பொற்பதக்கத்தைப் பரிசாகப் பெற்றார். 1768இல் அக்கழகமே அவரைத் தன் உறுப்பினருள் ஒருவராக ஏற்றுக்கொண்டது. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட நிறையவில்லை.

அதே ஆண்டில் அவர் வேறொரு செயலும் செய்தார். பிரெஞ்சு மன்னருக்குச் சேர வேண்டிய உப்பு வரி, புகையிலை வரி, நகருக்குள் வரும் சரக்குகளின்மீது விதித்த சுங்கம் ஆகியவற்றைத் தண்டும் உரிமையைச் செல்வர் குழு ஒன்று குத்தகையாகப் பெற்றிருந்தது. மன்னருக்குக் குறித்த தொகையைச் செலுத்திவிட்டு, மிகுதியை அக்குழுவினர் தமக்கு வைத்துக்கொள்வர். அதனால் மக்கள் அவர்களைப் பெரிதும் வெறுத்தனர். அக்குழுவில் லவாய்சியர் தம் பணத்தை முதலீடு செய்து பங்கு பெற்றார். ஆராய்ச்சிக்கு வேண்டிய பொருள் அவருக்கு அதனால் கிடைத்தது. ஆயின் அவருடைய உயிர் பறிபோவதற்கும் அதுவே பிற்காலத்தில் காரணமாயிற்று.

இல்லறத் துணை

1771இல் லவாய்சியர், அக்குழுவின் உறுப்பினருள் ஒருவராகிய போல்ஸ் என்பவரின் மகள் மேரி ஆனை மணந்தார். மணமகளுக்கு அப்போது வயது பதின்மூன்று, மணமகனுக்கு இருபத்தெட்டு. அக்காலச் செல்வர் குடும்பங்களில் அத்தகைய இளமை மணங்கள் நிகழ்ந்து வந்தன. மேரி ஆன் கூர்த்த அறிவினர். கணவரிடம் வேதியியல் கற்றார். அவருக்கு ஆங்கிலம் வராமையால், தாம் அம்மொழியைப் பயின்று, ஆங்கில அறிஞர்களின் நூல்களைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்துக் கொடுத்தார். தாவீது என்னும் புகழ்பெற்ற ஓவியரிடம் ஓவியம் பயின்று, ஆய்வுக்கூடத்தின் கருவிகளையெல்லாம் அளவு பிசகாமல் வரைந்தார். ஆய்வு நடக்கும்போது அருகில் அமர்ந்து குறிப்பெழுதுவதும் அவர் பணியே.

லவாய்சியர் காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரையிலும், மாலை ஏழு மணி முதல் பத்து மணி வரையிலும் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். இடைப்பட்ட பொழுதெல்லாம் அலுவல்களில் கழிந்தது. வாரத்தில் ஒரு நாளை முழுவதும் ஆராய்ச்சிக்கென ஒதுக்கினார். அந்நாளையே தம் மகிழ்ச்சிக்குரிய நாளாகக் கருதினார்.

பழைய கொள்கையும் புதிய தராசும்

அந்நாளில் வேதியியல் ஒழுங்குபட்ட அறிவியலாக வளரவில்லை. மண், நீர், தீ, காற்று என்னும் நான்கே உலகின் மூலப்பொருள்கள் என்று பலர் நம்பினர். ஒன்று மற்றொன்றாக மாறும் என்றும் கருதினர். நீரை நெடுநாள் கொதிக்க வைத்தால் கலத்தின் அடியில் சிறிது மண் படிகின்றது. ஆகவே நீர் மண்ணாக மாறுகின்றது என்பது அவர்கள் முடிவு.

லவாய்சியர் இதனைச் சோதிக்கப் புகுந்தார். கண்ணாடிக் கலம் ஒன்றை நிறுத்தார். அதில் இட்ட தூய நீரையும் நிறுத்தார். ஆவி வெளியேறாதபடி கலத்தை மூடி 101 நாள் இடைவிடாமல் சூடேற்றினார். அடியில் மண் போன்ற பொருள் படிந்தது. பின்னர் அவர் எல்லாவற்றையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தார். நீரின் எடை குறையவில்லை. கண்ணாடிக் கலத்தின் எடையே குறைந்திருந்தது. படிந்த பொருளின் எடையும் கலம் இழந்த எடையும் ஏறக்குறைய ஒத்திருந்தன. நீர் மண்ணாகவில்லை, வெந்நீரில் கண்ணாடியே சிறிது கரைந்து படிந்தது என்பது தெளிவாயிற்று. பன்னெடுங்கால நம்பிக்கை ஒன்று தராசின் முன் நிற்க மாட்டாமல் வீழ்ந்தது.

ஆய்வுக்கு முன் உள்ள பொருள்கள் அனைத்தையும் நிறுக்க வேண்டும். ஆய்வுக்குப் பின் உள்ள பொருள்கள் அனைத்தையும் நிறுக்க வேண்டும். ஆவியையும் காற்றையுங்கூட விட்டுவிடலாகாது. இதுவே லவாய்சியர் மேற்கொண்ட முறை. வணிகன் மாலையில் வரவையும் செலவையும் ஒப்பிட்டுக் கணக்கு முடிப்பதுபோல, அவர் ஒவ்வோர் ஆய்விலும் பொருளின் கணக்கை முடித்தார். இரு பக்கமும் ஒத்து வராவிடில், எதையோ காணாமல் விட்டுவிட்டோம் என்று உணர்ந்து மீண்டும் தேடினார்.

எரிதலின் உண்மை

பொருள்கள் ஏன் எரிகின்றன என்பதற்கு அக்கால அறிஞர்கள் ஒரு காரணம் கூறினர். எரியும் இயல்புடைய பொருள் ஒவ்வொன்றிலும் பிளாஜிஸ்டன் என்னும் நுண்பொருள் உறைகின்றது. எரியும்போது அது வெளியேறுகின்றது. எஞ்சுவது சாம்பல் என்றனர். உலோகத்தைச் சூடேற்றினால் அது பற்பமாவதும் பிளாஜிஸ்டன் நீங்குவதாலேயே என்றனர். ஆயின் இக்கொள்கையில் பெரியதோர் இடர்ப்பாடு இருந்தது. உலோகத்தைக் காட்டிலும் அதன் பற்பம் எடை மிகுந்திருந்தது. ஒன்று வெளியேறினால் எடை குறைய வேண்டுமன்றோ? மிகுதியாவது எங்ஙனம்? பிளாஜிஸ்டனுக்கு எடையே எதிர்மறையானது என்று சிலர் கூறிச் சமாளித்தனர்.

1772இல் லவாய்சியர் பாஸ்பரத்தையும் கந்தகத்தையும் எரித்து ஆராய்ந்தார். எரிந்தபின் அவை எடை குறையவில்லை, கூடின. காற்றின் ஒரு பகுதி அவற்றோடு சேர்வதே காரணம் என்று அவர் உய்த்துணர்ந்தார். அம்முடிவை எழுதி உறையிலிட்டு முத்திரை வைத்து அறிவியல் கழகத்தின் செயலரிடம் ஒப்படைத்தார்.

பின்னர் 1774இல் வெள்ளீயத்தை ஒரு கண்ணாடிக் கலத்தில் இட்டு, வாயை இறுக மூடி, அனைத்தையும் சேர்த்து நிறுத்தார். கலத்தைச் சூடேற்றவே வெள்ளீயத்தின் ஒரு பகுதி பற்பமாயிற்று. கலத்தைத் திறவாமல் மீண்டும் நிறுத்தார். எடையில் மாற்றம் இல்லை. நெருப்பிலிருந்து எதுவும் கலத்தினுள் நுழையவில்லை என்பது இதனால் விளங்கிற்று. பின் கலத்தைத் திறந்தார். வெளிக்காற்று விரைந்து உள்ளே புகுந்தது, எடை கூடிற்று. கூடிய எடை, வெள்ளீயம் பற்பமானபோது பெற்ற எடைக்கு ஒத்திருந்தது. ஆகவே வெள்ளீயம் தன்னைச் சூழ்ந்திருந்த காற்றின் ஒரு பகுதியையே கவர்ந்துகொண்டது.

காற்றின் அப்பகுதி யாது? இங்கிலாந்து நாட்டு அறிஞர் பிரீஸ்ட்லி, 1774ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சிவந்த பாதரசப் பற்பத்தைச் சூடேற்றிப் புதுவகைக் காற்று ஒன்றைப் பெற்றிருந்தார். அதில் மெழுகுவத்தி மிக்க ஒளியுடன் எரிந்தது. சுவீடன் நாட்டில் வாழ்ந்த ஷீலே என்பவரும் அக்காற்றைத் தனியே கண்டறிந்திருந்தார். அவ்வாண்டு அக்டோபரில் பாரிசுக்கு வந்த பிரீஸ்ட்லி, லவாய்சியர் இல்லத்து விருந்தில் தம் ஆய்வைப் பற்றிக் கூறினார். ஆயின் அவர் பழைய கொள்கையில் அழுந்தியிருந்தமையால், தாம் கண்ட பொருளின் உண்மை இயல்பை உணரவில்லை. லவாய்சியர் உணர்ந்தார்.

அவர் 4 அவுன்சு பாதரசத்தை நீண்டு வளைந்த கழுத்துடைய கண்ணாடிக் கலத்தில் இட்டு, 12 நாள் சூடேற்றினார். உள்ளே 50 கன அங்குலம் இருந்த காற்று 42, 43 கன அங்குலமாகக் குறைந்தது. பாதரசத்தின்மேல் செந்நிறத் துகள்கள் தோன்றின. எஞ்சிய காற்றில் மெழுகுவத்தி அணைந்தது. சிற்றுயிர்கள் மூச்சுத் திணறின. அச்செந்துகள்களைத் திரட்டினார், அவை 45 கிரெயின் இருந்தன. அவற்றை மிகுதியாகச் சூடேற்றினார். நாற்பத்தொன்றரை கிரெயின் பாதரசமும், 7 அல்லது 8 கன அங்குலக் காற்றும் கிடைத்தன. அக்காற்றில் மெழுகுவத்தி பேரொளியுடன் எரிந்தது. அதனை முன்னர் எஞ்சிய காற்றோடு கலந்தார். மீண்டும் சாதாரணக் காற்றே கிடைத்தது.

ஒரே ஆய்வில் காற்று பிரிக்கவும் பெற்றது. மீண்டும் கூட்டவும் பெற்றது. காற்று ஒரு தனிப்பொருளன்று. எரிதலுக்குத் துணையாகும் ஒன்றும், துணையாகாத ஒன்றும் அதில் கலந்துள்ளன என்பது மறுக்க முடியாத உண்மையாயிற்று. எரிதலுக்குத் துணையாவதை அவர் ஆக்சிஜன் என்று பெயரிட்டார். பிராணவாயு என்று வழங்குவதும் அதுவே. எஞ்சியது இன்று நைட்ரஜன் எனப்படுகின்றது. எரிதல் என்பது பொருள் ஆக்சிஜனோடு சேர்தலே. பிளாஜிஸ்டனுக்கு இனி இடமில்லாமற் போயிற்று.

நீரும் உயிர்ப்பும்

அடுத்து நீரின் இயல்பு வெளிப்பட்டது. எளிதில் தீப்பற்றும் காற்று ஒன்றை எரித்தால் நீர் உண்டாவதை இங்கிலாந்து நாட்டுக் காவண்டிஷ் கண்டிருந்தார். 1783ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், லவாய்சியரும் கணித அறிஞர் லாப்லாசும் பலர் முன்னிலையில் அவ்விரு காற்றுகளையும் எரித்து நீரை உண்டாக்கிக் காட்டினர். பின்னர், செந்தணலாகக் காய்ந்த இரும்புக் குழாயின் வழியே நீராவியைச் செலுத்தினார் லவாய்சியர். நீரிலிருந்த ஆக்சிஜன் இரும்போடு சேர்ந்தது, மற்றது வெளிப்பட்டது. நீரைப் பிறப்பிப்பது என்னும் பொருள்பட அதற்கு ஹைட்ரஜன் என்னும் பெயர் அமைந்தது.

இங்குக் காற்றுக்கும் நீருக்கும் உள்ள வேறுபாட்டை நோக்குதல் வேண்டும். காற்று ஒரு கலவை. அதில் கலந்துள்ள ஆக்சிஜன் தன் இயல்பு மாறாமலே இருக்கின்றது; அதனாற்றான் காற்றில் விளக்கு எரிகின்றது. நீரோ ஒரு சேர்மம். ஹைட்ரஜன் தானே எரியும். ஆக்சிஜன் எரிதலுக்குத் துணைசெய்யும். இரண்டும் கூடிய நீரோ தீயை அணைக்கின்றது! கூடிய பொருள்களின் இயல்பு முற்றும் மாறிப் புதியதோர் இயல்பு பிறப்பதே வேதியியல் மாற்றம். சேர்மத்தில் பொருள்கள் விரும்பிய அளவில் கூடுவதில்லை. 9 பங்கு எடையுள்ள நீரில் ஏறத்தாழ 8 பங்கு ஆக்சிஜனும் 1 பங்கு ஹைட்ரஜனும் உள்ளன. கடல் நீரைக் காய்ச்சி வடித்துப் பெற்றாலும், மழை நீரிலிருந்து பெற்றாலும், தூய நீரில் இவ்வளவு மாறாது.

உயிர்களின் மூச்சையும் லவாய்சியர் ஆராய்ந்தார். லாப்லாசுடன் சேர்ந்து, பனிக்கட்டி சூழ்ந்த கலம் ஒன்றை அமைத்தார். அதனுள் கினிப்பன்றி என்னும் சிறு விலங்கை வைத்து, அதன் உடல் வெப்பத்தால் உருகிய பனிக்கட்டியின் அளவைக் கணக்கிட்டார். அவ்விலங்கு வெளிவிட்ட கரியமில வாயுவையும் அளந்தார். கரியை எரித்து அதே அளவு கரியமில வாயுவைப் பெறும்போது உண்டாகும் வெப்பத்தோடு அதனை ஒப்பிட்டார். இரண்டும் பெரிதும் நெருங்கி வந்தன. உயிர்கள் உண்ட உணவு, உட்கொண்ட ஆக்சிஜனோடு சேர்ந்து சுடர் இன்றி மெல்ல எரிகின்றது. உடலின் வெப்பம் அதனால் உண்டாகின்றது என்று தெளிந்தார். விளக்கின் சுடருக்கும் உயிரின் மூச்சுக்கும் அடிப்படை ஒன்றே என்பது அன்று உலகுக்குப் புலனாயிற்று.

புதிய பெயர்களும் புதிய நூலும்

பொருள்களுக்கு வழங்கிய பழம்பெயர்கள் கற்பவரை மயக்கின. விட்ரியால் எண்ணெய் என்பது எண்ணெயன்று. ஆன்டிமனி வெண்ணெய் என்பது வெண்ணெயன்று, நஞ்சு. பெயரைக் கேட்டுப் பொருளை உணர வழியில்லை. 1787இல் லவாய்சியர், கீதோன் த மோர்வோ, பெர்த்தொலே, பூர்க்ருவா ஆகிய நால்வரும் கூடிப் புதிய பெயர் முறையை வகுத்தனர். அதன்படி, ஒரு சேர்மத்தின் பெயரே அதில் அடங்கிய தனிமங்களைத் தெரிவிக்கும். விட்ரியால் எண்ணெய் கந்தக அமிலமாயிற்று. உலோகப் பற்பங்கள் ஆக்சைடுகளாயின. துத்தநாக ஆக்சைடு என்றதும் அதில் துத்தநாகமும் ஆக்சிஜனும் உள்ளன என்று மாணவன் அறிகின்றான். இன்றும் வேதியியல் வகுப்புகளில் வழங்குவது அம்முறையின் வளர்ச்சியே.

1789இல் லவாய்சியர் வேதியியலைத் தொடக்கநிலையிற் பயில்வார்க்கு ஏற்ற நூல் ஒன்றை வெளியிட்டார். அதன் படங்களை மேரி ஆன் வரைந்தார். எம்முறையாலும் மேலும் பிரிக்க இயலாத பொருளே தனிமம் என்று அந்நூல் வரையறுத்தது. 33 எளிய பொருள்களின் பட்டியலும் அதில் இடம்பெற்றது. திராட்சைச் சாறு நொதிக்கும்போது, உள்ளே சென்ற பொருள்களின் எடையும் வெளிவந்த பொருள்களின் எடையும் ஒத்திருத்தலை அவர் அதில் எடுத்துக்காட்டினார். வேதியியல் மாற்றத்தில் எப்பொருளும் புதிதாகத் தோன்றுவதில்லை, எப்பொருளும் அழிவதுமில்லை, ஒன்று மற்றொன்றாக உருமாறுகின்றது. பொருள் அழியாமை விதி எனப்படும் இப்பேருண்மையே வேதியியலுக்கு அடித்தளம். வகுப்பில் எழுதும் சமன்பாடுகளில் இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்பது இவ்விதியைப் பற்றியதே.

லவாய்சியரிடம் குறைகளும் இருந்தன. தம் பட்டியலில் ஒளியையும் வெப்பத்தையும் அவர் பொருள்களாகவே சேர்த்தார். சுண்ணாம்பையும் எளிய பொருள் என்றார். எனினும் அது பின்னொரு நாள் பிரிக்கப்படலாம் என்று ஐயுற்றார். அமிலங்கள் அனைத்திலும் ஆக்சிஜன் உண்டு என்று எண்ணியே, அமிலத்தைப் பிறப்பிப்பது என்னும் பொருளில் அப்பெயரை இட்டார். 1810இல் டேவி என்னும் அறிஞர் அது தவறு என்று நிறுவினார். பிரீஸ்ட்லியிடமிருந்து பெற்ற செய்திக்கு உரிய நன்றியை லவாய்சியர் தம் முதற் கட்டுரையில் கூறாமல் விட்டதும் ஒரு குறையே. எனினும் அவர் பிழைகளைத் திருத்துதற்குப் பின்வந்தோர் கையாண்ட கருவியும் அவர் தந்த தராசே. இன்று அறியப்பட்டுள்ள தனிமங்கள் 118.

பொதுத்தொண்டு

1775இல் அரசாங்க வெடிமருந்துத் துறையின் பொறுப்பாளருள் ஒருவராக லவாய்சியர் அமர்த்தப்பெற்றார். படைக்கலச் சாலையிலேயே குடியிருந்து, அங்கேயே தம் ஆய்வுக்கூடத்தையும் அமைத்தார். அவர் முயற்சியால் பிரெஞ்சு வெடிமருந்து தரத்தில் உயர்ந்தது. அமெரிக்கர் தம் விடுதலைப் போரில் அதனைப் பயன்படுத்தினர். 1788இல் புதிய வெடிமருந்து ஒன்றைச் சோதித்தபோது பெருவெடிப்பு நேர்ந்து இருவர் மாண்டனர். லவாய்சியரும் அவர் மனைவியாரும் நூலிழையில் உயிர் பிழைத்தனர்.

பிரெஷின் என்னும் ஊரில் நிலம் வாங்கி, விளைச்சலைப் பெருக்கும் வழிகளை ஆராய்ந்தார். அங்கும் விதையும் எருவும் விளைவும் அளந்து குறிக்கப்பட்டன. ஊருக்கு ஊர் வேறுபட்ட அளவைகளை ஒழித்து, நாடு முழுவதற்கும் ஒரே அளவை வகுக்க அமைந்த குழுவிலும் அவர் உழைத்தார். குறித்த கன அளவுள்ள நீரின் எடையை ஹாய் என்னும் அறிஞருடன் சேர்ந்து நுட்பமாகக் கணித்தார். இன்று உலகெங்கும் வழங்கும் மெட்ரிக் அளவை முறை அக்குழுவின் உழைப்பால் உருவானதே.

புரட்சியும் முடிவும்

1789இல் பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. பசியாலும் வரிச்சுமையாலும் நொந்த மக்கள் கொதித்தெழுந்தனர். வரிக் குத்தகைக் குழுவினர்மீது அவர்கள் சினம் திரும்பியது. சுங்கம் செலுத்தாமல் சரக்குகள் நகருக்குள் புகுவதைத் தடுக்கப் பாரிசைச் சுற்றி அக்குழு ஒரு மதில் எழுப்பியிருந்தது. அதற்கு வழி கூறியவர் லவாய்சியர். அம்மதில் மக்கள் உள்ளத்தில் ஆறாப் புண்ணாக இருந்தது. புரட்சித் தலைவருள் ஒருவரான மரா, முன்னர் நெருப்பைப் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். அதனை லவாய்சியர் மதிக்கவில்லை. 1791இல் மரா தம் இதழில் லவாய்சியரைக் கடுமையாகத் தாக்கினார். மதில் கட்டி நகரத்துக்கு வரும் காற்றையே தடுத்துவிட்டார் என்றும் பழித்தார். காற்றின் இயல்பை உலகுக்கு உணர்த்தியவர்மீது எழுந்த பழி இது!

1793 ஆகஸ்டில் அறிவியல் கழகமும் கலைக்கப்பட்டது. நவம்பரில் வரிக் குத்தகையாளர் அனைவரையும் சிறைப்படுத்த ஆணை பிறந்தது. லவாய்சியர் சில நாள் மறைந்திருந்தார். பின்னர்த் தம் மாமனாருடன் தாமே சென்று அடைக்கலமானார். சிறையிலும் அவர் சும்மா இருக்கவில்லை. தம் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தொகுத்து அச்சுக்கு ஒழுங்கு செய்தார். அளவைக் குழுவினர் அவரை விடுவிக்குமாறு வேண்டினர், பயனில்லை. அவருடன் உழைத்த நண்பர் பலர் அச்சத்தால் வாய் திறந்திலர்.

1794ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் காலையில் அவர்கள் புரட்சி மன்றத்தின் முன் நிறுத்தப்பட்டனர். அளவுக்கு மிஞ்சிய ஊதியம் பெற்றனர், புகையிலையில் நீர் கலந்தனர், நாட்டின் பகைவரோடு சேர்ந்து சதி செய்தனர் என்பன குற்றச்சாட்டுகள். ஒவ்வொருவர் செயலையும் தனித்தனியே ஆராய்ந்து பார்க்க அங்கு நேரமில்லை. இருபத்தெண்மருக்கும் ஒரே தீர்ப்பு, ஒரே தண்டனை. அன்று மாலைக்குள் கில்லட்டின் என்னும் தலைவெட்டும் பொறியில் அனைவரும் மாய்ந்தனர். மாமனார் மாண்டதும் அடுத்து லவாய்சியர் மாண்டார். அவருக்கு அப்போது வயது ஐம்பது. நெல்மணியினும் சிறிய எடையையும் புறக்கணியாது கணக்கிட்ட அறிஞருடைய உயிர், குற்றமும் குணமும் நிறுத்துப் பாராமல் ஒரே நாளில் பறிக்கப்பட்டது. அவர் உடல் பொதுக் குழியில் புதைக்கப்பட்டது.

அழியாப் புகழ்

காலம் மாறியது, மக்கள் மனமும் மாறியது. அடுத்த ஆண்டிலேயே அரசாங்கம், லவாய்சியர் தவறாகத் தண்டிக்கப்பட்டார் என்பதை ஒப்பி, கவர்ந்துகொண்ட உடைமைகளை மேரி ஆனிடம் திருப்பித் தந்தது. ஒரே நாளில் கணவரையும் தந்தையையும் இழந்த அவ்வம்மையார் துயரில் ஆழ்ந்தும் கடமையை மறவாதவர். கணவர் சிறையில் தொகுத்த கட்டுரைகளைத் தாமே பதிப்பித்து, அறிஞர்களுக்கு வழங்கினார்.

வறுமையுற்ற குடிகளிடம் வரி தண்டிய குழுவில் சேர்ந்தது லவாய்சியர் வாழ்வில் ஒரு கறை. அதனை மறைக்க வேண்டுவதில்லை. எனினும், ஒருவர் வாழ்வை நிறுக்கும்போது ஒரு தட்டை மட்டும் நோக்குவது முறையன்று. மற்றொரு தட்டில் அவர் உலகுக்கு அளித்த அறிவுச் செல்வம் இருக்கின்றது. உழவனுக்கு உரம் தருவதும், நோயாளிக்கு மருந்து தருவதும், தொழிற்சாலையில் உலோகத்தைப் பிரிப்பதும் இன்று அவர் வகுத்த நெறியிலேயே நடைபெறுகின்றன.

முன்னோர் கூறினர் என்பதற்காக ஒன்றை ஏற்றலும் ஆகாது. புதுமை என்பதற்காக ஒன்றைத் தழுவுதலும் ஆகாது. எதனையும் முன்னும் பின்னும் அளந்து, ஒத்துப் பார்த்து, உண்மை எனத் தெளிந்த பின்னரே கொள்ள வேண்டும். லவாய்சியர் தம் வாழ்வால் உணர்த்தும் பாடம் இதுவே. எரிந்த விறகும் மறைந்த மெழுகும் அழிவதில்லை. உருமாறி உலகிலேயே நிலவுகின்றன. அவ்வாறே லவாய்சியரின் உடல் மறைந்தாலும், அவர் கண்ட உண்மைகள் ஆய்வுக்கூடந்தோறும் வாழ்கின்றன. தராசை ஏந்தும் மாணவன் ஒவ்வொருவன் கையிலும் வாழ்கின்றன.